இன்வெர்ட்டருக்கு நாலு நட்சத்திரம், வாரண்டிக்கு ஒன்றரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிராண்டின் பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் இன்னும் அவர்களிடம் சரக்கு எடுக்கிறோம், முடியாத கிளெய்ம்களும் கையில் இருக்கின்றன. யாராக இருக்கும் என்று ஊகிக்கவும் வேண்டாம். சோலார் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் வேறொரு பெயரைச் சொல்லி இதே கதையைத்தான் சொல்வார்கள்.

எங்களுடையது வீட்டுக் கூரைகளில் சோலார் மாட்டுகிற சின்ன கம்பெனி. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆபீஸ். என் கணவர் வயர்மேன், கொழுந்தனும் பையன்களும் கூரை வேலை. நான் கூரைப் பக்கம் போனதே இல்லை. குவோட்டேஷன், செடா என்கிற அரசு எரிசக்தி ஆணையத்துக்கும் டி.என்.பி. என்கிற மின்சாரக் கம்பெனிக்கும் போகிற விண்ணப்பப் பாரங்கள், கடைசியில் வாரண்டி கிளெய்ம் எல்லாம் என் மேஜைக்கு வரும். கல்யாணத்துக்கு முன்பு பிறை தொழிற்பேட்டையில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், பழுதாகித் திரும்பி வரும் சரக்கைப் பதிவு செய்கிற பிரிவில் கிளார்க்காக இருந்தேன். ஆகவே, திரும்பி வந்த பொருள் கம்பெனிக்குள் எந்த மேஜையில் போய்த் தூங்கும் என்பது எனக்கு அத்துப்படி. இதில் காரம் கொஞ்சம் கூடியிருந்தால் காரணம் அதுதான்.

கருவியைப் பற்றி முதலில். வீட்டுக்கான 5 கிலோவாட் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர், அதாவது கூரைப் பேனலின் டி.சி. கரண்டை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றுகிற பெட்டி. நல்ல சாமான், அதில் சந்தேகமே இல்லை. ஓர் ஆளே தூக்கி மாட்டிவிடலாம். விசிறி கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. இரண்டு எம்.பி.பி.டி. (பேனலிலிருந்து முடிந்த அளவு கரண்டை இழுக்கிற பகுதி) இருப்பதால் கிழக்குக் கூரையில் பாதி, மேற்குக் கூரையில் பாதி என்று பேனலைப் பிரித்துப் போட்டாலும் ஒரு பக்கத்து நிழல் மறுபக்கத்தைக் கெடுக்காது. நம் தாமான் (குடியிருப்பு) வரிசை வீடுகளுக்கு இது பெரிய வசதி. ஆப்பும் சுலபம், என் மாமியார் நாடகம் பார்ப்பதை நிறுத்திவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் மாட்டியவற்றில் பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகின்றன. ஐந்தாவது நட்சத்திரம் வைபை டாங்கிளால் போயிற்று. இன்வெர்ட்டருக்குப் பத்து வருடம் வாரண்டி, அதில் சொருகுகிற விரல் நீள டாங்கிளுக்கு இரண்டே வருடம். டாங்கிள் செத்தால் ஆப்பில் ஒன்றும் தெரியாது. ஆப்பில் தெரியாவிட்டால் கூரையில் கரண்டே வரவில்லை என்று வாடிக்கையாளர் முடிவு கட்டிவிடுவார். உடனே எனக்குப் போன்.

இனி வாரண்டி.

பாகான் அஜாமில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. ராத்திரி நல்ல மழை, காலையில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. கொழுந்தன் போய்ப் பார்த்தான். இன்சுலேஷன் பால்ட். பேனலிலிருந்து இறங்கும் வயரில் எங்காவது ஈரம் புகுந்து எர்த்துக்குக் கசிந்தால் வருகிற பிழை, மழைக்காலத்தில் சகஜம்தான். பேனல் வயர்களை இணைக்கிற எம்.சி.4 கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள். இரண்டு ஸ்ட்ரிங்கையும், அதாவது தொடராக இணைத்த பேனல் வரிசைகளையும், இன்சுலேஷனை அளக்கிற மெக்கர் வைத்துச் சோதித்தார்கள். எல்லாம் சுத்தம். ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் சொருகினாலும் அதே பிழை, அதைப் பிடுங்கி மற்றதைச் சொருகினாலும் அதே பிழை. கடைசியில் எங்கள் ஸ்டோரில் இருந்த அதே மாடல் புது இன்வெர்ட்டரைக் கொண்டுபோய் அதே வயரில் சொருகினார்கள். கொஞ்ச நேரம் தன்னைத்தானே சோதித்துக்கொண்டது, உள்ளே ரிலே டிக்கென்று விழுந்தது, பச்சை விளக்கு வந்துவிட்டது. பழுது பெட்டிக்குள்தான் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கம்பெனிக்கு வேண்டும். நிறைய வேண்டும்.

கிளெய்மை அவர்களுடைய இணையதளத்தில்தான் போட முடியும். சீரியல் நம்பர் ஸ்டிக்கரின் படம், பிழைக் குறியீட்டின் படம், மாட்டியிருக்கும் சுவர் முழுவதும் தெரிகிற படம், மல்டிமீட்டரில் எண் தெரியும்படி ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் வோல்டேஜ், இன்வாய்ஸ், கமிஷனிங் (முதலில் ஓடவிட்ட) தேதி. இவையெல்லாம் நியாயமான கேள்விகள். தொழிற்சாலையில் நானே கேட்டிருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டுவிட மாட்டார்கள். கேட்டதை ஏற்றினால் சில நாள் கழித்து, மெக்கர் ரீடிங்கை வீடியோவாக அனுப்பவும் என்று வரும். அனுப்பினால், வீடியோவில் தேதி தெரியவில்லை. அப்புறம், காலையில் இன்வெர்ட்டர் கண் விழிக்கும் நேரத்து வீடியோ. அப்புறம், பர்ம்வேரை (கருவிக்குள் இருக்கிற மென்பொருளை) புதுப்பித்துவிட்டு மறுபடி சோதித்துச் சொல்லவும். ஒவ்வொரு வரிக்கும் இங்கே ஓர் ஆளும் ஒரு வேனும் கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்குப் பழைய இன்வெர்ட்டரைத் திரும்பச் சுவரில் மாட்டவும் வேண்டும். நம் பக்கம் பதில் ஒரு வாரம் பிந்தினால் டிக்கெட் (புகார்ப் பதிவு) தானாக மூடிக்கொள்ளும். அவர்கள் பிந்தினால் அதற்கு எந்தக் கெடுவும் இல்லை.

கோலாலம்பூரில் சேவை அலுவலகம் என்று ஒன்று உண்டு. போனை எடுப்பது ஒரு தமிழ்ப் பெண், நல்ல பிள்ளை. "அக்கா, உங்க டிக்கெட் லெவல் டூவுக்குப் போயிருச்சு. இனி என் கையில ஒண்ணும் இல்லக்கா."

"லெவல் டூ எங்கம்மா இருக்கு?"

"சைனாலக்கா. இப்ப நியூ இயர் லீவு லா."

அந்தப் பிள்ளையைத் திட்டி என்ன பயன்? அவளுக்கு ஓர் உதிரிப்பாகத்தை அனுப்பக்கூட அதிகாரம் இல்லை. சேவை அலுவலகம் என்று பலகை மாட்டிவிட்டு, முடிவெடுக்கிறவர்களைக் கடல் கடந்து வைத்திருக்கிறார்கள்.

இப்படி மாற்றுக் கருவி இல்லாமல் காத்திருந்தால் வீட்டுக்காரருக்கு என்ன நஷ்டம் ஆகும் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, ஆசிரியையின் கூரையில் 6 கிலோவாட் பேனல். பினாங்கு வெயிலில் சராசரியாக நாளுக்கு 20 யூனிட்டுக்குக் குறையாது. 2025 ஜூலையில் வந்த கட்டணப்படி, மாதம் 1500 யூனிட்டுக்குள் செலவழிக்கிற வீட்டுக்கு ஒரு யூனிட் 44.43 சென் (100 சென் ஒரு வெள்ளி, அதாவது ரிங்கிட்), சலுகையும் சரிக்கட்டலும் தனி. இன்வெர்ட்டர் படுத்துவிட்டால் நாளுக்கு ஒன்பது வெள்ளி அளவில் போகிறது. மிஞ்சிய கரண்டை டி.என்.பி.க்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்கிற என்.இ.எம். திட்டத்தின் கணக்கு இதைவிட எரிச்சல். 2021ல் தொடங்கி 2025 ஜூன் 30ல் மூடப்பட்ட என்.இ.எம். 3.0ல் சேர்ந்த வீடுகளுக்கு, ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் கழிப்பது என்பது பத்து வருடத்துக்குத்தான். கருவி சுவரில் செத்துக் கிடந்த வாரங்களை அந்தப் பத்து வருடத்தோடு யாரும் கூட்டித் தர மாட்டார்கள். வாரண்டி பத்திரம் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: உற்பத்தி இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

அந்தப் பத்திரத்தைப் பொறுமையாக உட்கார்ந்து படித்தவள் என்ற உரிமையில் இன்னும் சில வரிகளைச் சொல்கிறேன். வாரண்டி எப்போது தொடங்குகிறது? கமிஷனிங் செய்த நாளிலிருந்து, அல்லது தொழிற்சாலையிலிருந்து அனுப்பி ஆறு மாதம் ஆனதிலிருந்து, எது முந்துகிறதோ அது. கப்பலில் வந்து, ஷா ஆலாம் கிடங்கில் கிடந்து, எங்கள் ஸ்டோரில் ஏறி, மீட்டர் மாற்றும் தேதிக்காகக் காத்திருந்து ஓட ஆரம்பிப்பதற்குள் ஆறு மாதம் தாண்டிப் போவது ஒன்றும் அதிசயமில்லை. வாடிக்கையாளருக்கு நாம் பத்து வருடம் என்று எழுதிக் கொடுத்திருப்போம். பெட்டிக்குள் ஓடிப்போன மாதங்களுக்குப் பொறுப்பு நாம்.

மாற்றுக் கருவி இலவசம், சரி. அது புதிது என்று எங்கும் எழுதியிருக்காது. "புதியது அல்லது சீர்செய்யப்பட்டது." வருவது எப்போதும் இரண்டாவது ரகம். அதற்கென்று புது வாரண்டி கிடையாது, பழையதில் மிச்சம் இருப்பதுதான். கழற்றுகிற கூலி, மாட்டுகிற கூலி, சாரம், வேன் எல்லாம் நம் தலையில். பழுதான கருவியை ஒரிஜினல் பெட்டியில் போட்டு, ஒரிஜினல் ஸ்பான்ச் வைத்து அனுப்பாவிட்டால் வழியில் ஏற்பட்ட சேதம் என்று எழுதிவிடுவார்கள். பெட்டியைப் பத்து வருடம் பத்திரமாக வைத்திருக்கிற வீடு எங்கே இருக்கிறது? அதனால் எங்கள் ஆபீஸின் பின்னறை முழுக்கக் காலி அட்டைப்பெட்டி, கூரை முட்ட. வெளியே சீரியல் நம்பரை மார்க்கரில் எழுதி அடுக்கி வைத்திருக்கிறேன். கரையான் வராமல் இருக்க மருந்தும் அடிக்கிறோம். அந்த அறை வாடகையையும் வாரண்டிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

விதிவிலக்குப் பட்டியல் தனி ரசனை. இடி மின்னலால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது. இடி விழாத ஊருக்கா விற்கிறார்கள்? இங்கே பருவம் மாறுகிற மாதங்களில் பிற்பகலானால் வானம் கறுத்துக்கொண்டு வரும். மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கிற சர்ஜ் அரெஸ்டர் போட்டிருந்தால் பார்க்கலாம் என்பார்கள். போட்டிருந்தால், அது சரியான ரகமா, எர்த் ரீடிங் என்ன என்று அடுத்த படம் கேட்பார்கள். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் உப்புக்காற்று என்று விலக்கு. இதைப் பினாங்கு வரைபடத்தில் வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், இந்தப் பக்கம் பாகான் அஜாம் என்று பாதி வாடிக்கையாளர்கள் கோட்டுக்குள் வந்துவிட்டார்கள். தீவுக்குச் சரக்கு அனுப்பும்போது விற்பனைப் பிரிவு இந்தக் கோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்புறம் பூச்சி. நிபோங் தெபாலில் ஒரு வீட்டு இன்வெர்ட்டரைத் திறந்து பார்த்ததில் போர்டின் மேல் ஒரு பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருந்ததாம். கிளெய்ம் நிராகரிப்பு, "அன்னியப் பொருள் உட்புகுதல்." அந்தக் கருவியின் பக்கவாட்டில் ஐ.பி.65 என்று அச்சிட்டிருக்கிறது. ஐ.பி.65 என்றால் தூசிகூட நுழையாது என்று அர்த்தம். தூசி நுழையாத பெட்டிக்குள் பல்லி எப்படிப் போகும் என்று கேட்டு எழுதினேன். வயர் நுழைகிற ஓட்டையை அடைக்கும் கேபிள் கிளாண்டை நீங்கள் இறுக்கவில்லை என்று பதில் வந்தது. மாட்டிய அன்று எடுத்த படத்தில் கிளாண்ட் இறுக்கி, மேலே சீலன்ட்டும் பூசியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. அனுப்பினேன். அதற்குப் பிறகு பதில் "மறுபரிசீலனையில்". இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

வோல்டேஜ் கதையும் உண்டு. இங்கே விதிப்படி 230 வோல்ட், மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம் வரை போகலாம். அதாவது 253 வரை. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆள் நடமாட்டம் குறைந்த தாமானில், தெருவுக்கு நாலு கூரை சோலார் ஒரே நேரத்தில் டி.என்.பி. லைனுக்குள் (கிரிட்) கரண்டைத் தள்ளும்போது வோல்டேஜ் அந்த எல்லையை முட்டும், இன்வெர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இது கருவியின் குற்றம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பழுதைச் சொன்னாலும் முதல் பதில் "கிரிட் வோல்டேஜைப் பரிசோதிக்கவும்" என்றே வந்தால் எப்படி? இன்சுலேஷன் பிழைக்கும் கிரிட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பேனல் கம்பெனிகளை இதில் சேர்க்க நினைக்கவில்லை, ஆனாலும் வந்துவிட்டது. 25 வருடம், 30 வருடம் என்று பெரிய எழுத்தில் போடுவது பவர் வாரண்டி, அதாவது பேனல் இவ்வளவு கரண்ட் தரும் என்கிற உறுதி. இப்போதைய டாப்கான் ரகப் பேனலுக்கு முதல் வருடம் 1 சதவீதம், பிறகு வருடத்துக்கு 0.4 சதவீதம் குறையலாம், 30வது வருடக் கடைசியில் 87.4 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இதைவிடக் குறைந்துவிட்டது என்று எப்படி நிரூபிப்பது? அளவெடுக்க வேண்டியது 1000 வாட் வெளிச்சம், 25 டிகிரி செல் வெப்பம் இருக்கிற சோதனைக்கூடத்தில். நம் கூரையில் நண்பகல் பேனலைத் தொட்டால் கை பொரியும். ஆகவே பேனலைக் கழற்றி, பேக் செய்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். குறைவில்லை என்று தெரிந்தால் அந்தச் செலவும் நமக்குத்தான். ஒற்றைப் பேனலுக்காக இதையெல்லாம் செய்கிற ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. உடைந்தால், எரிந்தால் கேட்க முடிகிற ப்ராடக்ட் வாரண்டிதான் வீட்டுக்காரர்களுக்கு உதவுவது. பெரும்பாலும் அது 12 வருடம், பொடி எழுத்தில் இருக்கும். அதிலும் மாற்றுப் பேனல் கேட்கும்போது பழைய அளவு உற்பத்தியிலேயே இருக்காது. புது அளவு, பேனலைத் தாங்குகிற பழைய ரெயில் சட்டத்தில் உட்காராது. ஸ்ட்ரிங்கில் மற்ற பேனல்களின் கரண்டோடு ஒத்தும் போகாது.

கம்பெனியே அந்தத் தொழிலை விட்டுப் போவதும் உண்டு. வூஷி சன்டெக் 2013ல் திவாலானது. எல்ஜி 2022 பிப்ரவரியில் பேனல் தொழிலை மூடுவதாக அறிவித்தது. அதற்கு முந்தின வருடம் பானாசோனிக், பக்கத்தில் கூலிமில் இருந்த தொழிற்சாலையில் சோலார் உற்பத்தியை நிறுத்தப்போவதாகச் சொன்னது. இவையெல்லாம் பெட்டிக்கடைப் பெயர்கள் இல்லை. அதனால் 30 வருடம் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டிவிட்டு, இங்கே உதிரி ஸ்டாக் எவ்வளவு என்று கேட்கிறேன்.

இன்னொரு பிராண்டையும் ஒப்பிட்டுச் சொல்வதுதான் நியாயம். அதையும் கொஞ்சம் மாட்டுகிறோம். கருவி இதைவிட ஒரு படி கீழேதான். விசிறி இரைச்சல், ஆப் பார்க்கச் சகிக்காது, மலாய் மொழிபெயர்ப்பைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் ஜூருவில் விநியோகஸ்தர் கிடங்கில் மாற்றுக் கருவி எப்போதும் இருக்கும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பினாங்கிலேயே இருக்கிற டெக்னீஷியன் பார்த்து முடிவு சொல்கிறார். புதுசை முதலில் கொடுத்துவிட்டுப் பழசை அப்புறம் வாங்கிக்கொள்கிறார்கள். கூலிக்கென்று ஒரு தொகையும் தருகிறார்கள். சின்னத் தொகைதான், ஒரு வேளை சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் சரியாகப் போகும். இருந்தாலும் நாமும் வேலை செய்திருக்கிறோம் என்று ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. வேலைக்குப் போகிற தம்பதிகள், அடிக்கடி ஊரில் இல்லாதவர்கள் வீட்டுக்கு இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்காரருக்கு நல்ல கவசம். ஐந்து வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரையிலான வழக்கைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போடலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் அவர் யார் மேல் போடுவார்? பணம் வாங்கி ரசீது கொடுத்த எங்கள் மேல்தான். விற்பதற்காகச் சரக்கு வாங்கிய நாங்கள் அந்தச் சட்டப்படி பயனீட்டாளர் இல்லை, ஆகவே தயாரிப்பாளர் மேல் நாங்கள் அங்கே போக முடியாது. புக்கிட் மெர்தாஜாமில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணன் இப்படி நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் கைக்காசைப் போட்டுப் புது இன்வெர்ட்டர் வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதேதான்.

ஆசிரியை வீட்டு விஷயம் எப்படி முடிந்தது என்றால், அவர் வீட்டில் ஒரு நஷ்டமும் இல்லை. சோதிக்கக் கொண்டுபோன எங்கள் புது இன்வெர்ட்டரை அங்கேயே விட்டுவிட்டோம். "பாவம்மா, உங்களுக்குத்தான் சிரமம்" என்று ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினார். கம்பெனி அனுப்பிய மாற்றுக் கருவி கடைசியில் எங்கள் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது. சீர்செய்த சரக்கு, ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. மாட்டும் பிராக்கெட்டும் பழைய அளவு இல்லை. அதைப் புதிது என்று யாருக்கும் விற்க முடியாது. அதன் வாரண்டி ஆசிரியை பெயரில் பதிவாகியிருப்பதால் வேறு வீட்டுக்கு மாட்டினால் கணக்கும் ஒத்துப்போகாது. புதுசு ஒன்றின் விலை எங்கள் பணம், அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரிடமும் இப்படி ஓர் அலமாரி உண்டு.

இப்போது குவோட்டேஷனில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இரண்டு வருடத்துக்குப் பிறகு வாரண்டி மாற்று வேலைக்குக் கூலி தனி, பொருள் மட்டும் இலவசம். இதனால் சில ஆர்டர் கைவிட்டுப் போகிறது. "மத்த கம்பெனில எல்லாமே ப்ரீன்னு சொல்றாங்களே" என்று கேட்பவர்களிடம், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் விற்பனைப் பையன் புது மாடலோடு வந்தான். திரை பெரிதாகியிருக்கிறது, பேட்டரியும் சேர்க்கலாம், தீபாவளிக்கு முன் ஆர்டர் போட்டால் தள்ளுபடி. நான் மூன்று விஷயம் கேட்டேன். வடக்கில் எங்கேயாவது மாற்றுக் கருவி ஸ்டாக் வைப்பீர்களா? கூலி எவ்வளவு? வாரண்டி மீட்டர் மாற்றிய நாளிலிருந்து தொடங்குமா? "எச்.கியூல கேட்டு சொல்றேன் அக்கா" என்று போனில் குறித்துக்கொண்டு போனான். லெட்டர்ஹெட்டில் பதில் வரும்வரை ஆர்டர் கிடையாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வந்தால் இந்த ஒன்றரையை இங்கேயே திருத்திப் போடுகிறேன்.